சம்முவும் நானும் தொலைஞ்சு போன காலை

ஆமாங்க, டில்லியில இருந்துதான். சுத்திப் பாக்கத்தான் போனோம். செங்கோட்டை, இந்தியா கேட்டு, குதுப் மினாரு, எல்லாம் பாத்தாச்சு. நீங்களும் நம்ம பக்கந்தானுங்களே? போன்ல பேசறதக் கேட்டதுமே நெனச்சேன். கோயமுத்தூரா? நாங்க ஈரோட்டுல எறங்கி வெள்ளகோயில் போகணும். மேல படுத்திருக்கறது எங்கூட்டுக்காரரு. கரண்ட்டு ஆபீஸ்ல லைன்மேனா இருக்காரு.

எத்தன பேரு போனீங்கன்னா கேட்டீங்க? போறப்ப அஞ்சு பேருங்க. திரும்பறது ரெண்டு பேரு.

ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்காங்க எல்லாரும். தங்கச்சியும் தங்கச்சி மாப்பிள்ளையும் டில்லியில இருந்தே பிளேன் ஏறி ஜெர்மனிக்குப் போயிட்டாங்க. கொழந்தையும் போயிருச்சு.

எங்க கொழந்தை. தங்கச்சி கொழந்தைன்னு சொல்லணும். சம்யுக்தான்னு பேரு. நாங்க சம்முன்னு கூப்புடுவோம். எட்டு வயசு ஆகப் போகுது.

என் தங்கச்சி சுகன்யா நர்சுங்க. எங்கம்மா சாகறப்ப அவளுக்குப் பதினோரு வயசு. நாந்தான் படிக்க வெச்சேன், நாந்தான் கல்யாணம் பண்ணிக் குடுத்தேன். ஜெர்மனியில வேலை கெடச்சப்ப சம்முவுக்குப் பதினாலு மாசம். கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு அங்க போயி என்ன பண்ணுவா? "ஒரு வருசம் அக்கா. வீடு பாத்துட்டு வந்து கூட்டிக்கறோம்"னா. ஒரு வருசம் ரெண்டாச்சு. கொரோனா வந்துச்சு. அப்பறம் விசா வரல, இந்தப் பேப்பரு இல்ல, அந்தப் பேப்பரு இல்லன்னு ஆறரை வருசம் ஓடிப் போச்சுங்க. நடுவுல ரெண்டு தடவ வந்தாங்க. பதினஞ்சு பதினஞ்சு நாளு. விருந்துக்கு ஒறம்பற வந்த மாதிரி வந்துட்டுப் போனாங்க.

எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. சொல்லலையோ? இல்லீங்க. இருவத்திரண்டு வருசம்.

இந்தத் தடவ பேப்பரு எல்லாம் சரியா வந்துருச்சு. சுகன்யா போன்ல சொல்றா, "அக்கா, உங்களுக்கும் மாமாவுக்கும் நாங்க ஒண்ணுமே பண்ணல. எல்லாரும் சேந்து டில்லி போலாம். நாலு நாளு சுத்திக் காட்டறோம். அங்கிருந்தே நாங்க கெளம்பிக்கறோம். வீட்ல வெச்சுப் பிரிஞ்சா சம்மு ரொம்ப அழுவா"ன்னு. சம்மு அழுவான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அழுகறத எந்நேரமும் பாத்தவ நானு. ஆனா சரின்னுட்டேன். கொழந்தைக்கு ஒரு ஊரு பாத்த மாதிரி இருக்குமேன்னு.

மொத நாளு செங்கோட்டை. சம்மு எங்கையவே புடிச்சுக்கிட்டு நடந்தா. போட்டோ எடுக்கறோம்னு அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிறுத்துனாங்க. கிளிக்குன்னதும் எங்கிட்ட ஓடியாந்துட்டா. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அதுவா ஓடியாந்துச்சு.

மத்தியானம் ஓட்டல்ல சுகன்யா பரோட்டாவப் பிச்சு ஊட்டப் போனா. வாயத் தொறக்கல. நான் ஊர்ல இருந்து பருப்புப் பொடி எடுத்துட்டுப் போயிருந்தேன். ஒரு தட்டுச் சோறு கேட்டு வாங்கி, நெய் ஊத்தி, நாலு உருண்டை உருட்டுனேன். ஆ ஆன்னு வாங்கிக்கிட்டா.

"எட்டு வயசாகப் போவுது அக்கா, இன்னும் ஊட்டணுமா? அங்க ஸ்கூல்ல யாரு ஊட்டுவா?"ன்னு சுகன்யா கேட்டா.

"அங்க போயிப் பாத்துக்க. எங்கிட்ட இருக்கற வரைக்கும் நான் ஊட்டறேன்"னேன்.

தப்பாங்க? மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டுச் சொல்லல.

ரெண்டாம் நாளு பழைய ரயில் என்ஜினெல்லாம் வெச்சிருக்கற மியூசியத்துக்குப் போனோம். அங்க கொழந்தைங்களுக்குன்னு ஒரு சின்ன ரயிலு ஓடுது. நான் வெய்யில்ல நிக்க முடியாம நெழல்ல உக்காந்துட்டேன். தங்கச்சி மாப்பிள்ளை கொழந்தையோட ஏறுனாரு. அந்த ரயிலு ஒரு சுத்துச் சுத்தி எங்க பக்கம் வருது. சம்மு எந்திரிச்சு நின்னுக்கிட்டு, "அப்பா, அங்க பாருங்க, மயிலு! அப்பா! அப்பா!"ன்னு கத்தறா.

அது வரைக்கும் 'அப்பாகிட்டப் பேசு'ன்னு போனக் குடுத்தாத்தான் அப்பாம்பா. அன்னிக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அவர் சட்டையப் புடிச்சு இழுத்து இழுத்துச் சொல்றா. அவரு மயிலப் பாக்கல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டு இருக்காரு.

எனக்குத் தலைய வலிச்சுச்சு. வெய்யிலுங்க. ரூமுக்குப் போலாம்னேன். குதுப் மினார் பாக்கணுமே அக்கான்னாங்க. போயிட்டுத்தான் வந்தோம். நான் அதப் பாத்தனா இல்லையான்னே ஞாபகம் இல்ல.

சாயந்தரம் ரூம்ல சம்முவுக்குத் தலை சீவி விட்டுட்டு இருந்தேன். "பெரிம்மா, ஜெர்மனியில என்ன இருக்கும்?"னா. நான் உள்ளதத்தான் சொன்னேன். பனி கொட்டும், ஆறு மாசத்துக்கு வெய்யிலு வராது, தமிழு யாரும் பேச மாட்டாங்க, அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க, நீயா கதவத் தொறந்து நீயா இருக்கோணும்னு. பொய்யா அது? ஒரு வார்த்தை பொய் இல்ல.

"நீ வருவியா?"ன்னா.

"என்னைய யாரு கண்ணு கூப்புடறா?"ன்னேன்.

சடைய பாதியில விட்டுட்டு எந்திரிச்சு ஓடுனா. பக்கத்து ரூம்ல போயி, "அம்மா, பெரிம்மாவையும் பெரிப்பாவையும் கூப்புடுங்க. இல்லீன்னா நான் வரல"ன்னு ஒரே அழுகை. சுகன்யா எங்கிட்ட வந்து நின்னா. மொகம் வெளுத்துப் போச்சு.

"அக்கா, அவகிட்ட என்ன சொன்ன?"

"நான் என்ன சொன்னேன்? அவ கேட்டா, சொன்னேன்."

"நான் டூட்டி முடிஞ்சு வந்து இவ போட்டோவப் பாக்காம ஒரு நாளு படுத்ததில்ல அக்கா. ஆறரை வருசம். உனக்கு அது தெரியாதா?"

போட்டோ பாக்கறதும், மூச்சு இழுக்கற புள்ளைய மடியில போட்டு விடிய விடிய உக்காந்திருக்கறதும் ஒண்ணாங்க? நான் அதக் கேக்கல. கேட்டிருக்கலாம். கேக்கல. சீப்ப எடுத்து வெச்சுட்டுப் படுத்துக்கிட்டேன்.

மூணாம் நாளு வெள்ளிக்கிழமை. சம்மு வெள்ளைப் புலி பாக்கணும்னு வந்ததுல இருந்து சொல்லிட்டு இருந்தா. மிருகக்காட்சி சாலைக்குப் போனா, வெள்ளிக்கிழமை லீவாம். கேட்டுல நின்னுட்டுத் திரும்பி வந்தோம். மொகம் இத்துனூண்டு ஆயிருச்சு. தங்கச்சி மாப்பிள்ளை தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு, "ஜெர்மனியில இதவிடப் பெரிய ஜூ இருக்கு சம்மு, போன வாரமே அப்பா பாத்து வெச்சுட்டேன்"னாரு. எட்டு வயசுப் புள்ளைக்கு ஊட்டக் கூடாதாம், தோள்ல தூக்கி வெச்சுக்கலாமாம்.

அடுத்த நாளு சனிக்கிழமை. மத்தியானம் மூணு மணிக்குப் பிளேனு. ரூம்ல இருந்து பதினோரு மணிக்குக் கெளம்பணும்னு சொல்லியிருந்தாங்க. நாங்களும் கூடவே ஏர்போர்ட்டு போயி அனுப்பி வெக்கறதா ஏற்பாடு. ரெண்டு காரு சொல்லி வெச்சிருந்தாங்க.

காலையில எட்டரை மணி இருக்கும். எங்கூட்டுக்காரரு குளிக்கப் போயிருந்தாரு. ரூமுக்குப் பின்னால ஒரு பார்க்கு இருந்துச்சு, சாப்பிட்டதும் சம்முவக் கூட்டிட்டு அங்க ஒரு நடை போயிட்டு வாறேன்னு முந்தின நாளே சொல்லி வெச்சிருந்தாரு. நான் சுகன்யாகிட்டப் போயி, "சம்மு கண்ணாடி வளையல் கேட்டா, கீழ கடையில வாங்கிக் குடுத்துட்டு அரை மணி நேரத்துல வந்தர்றோம்"னேன். பெட்டிய அடுக்கிட்டு இருந்தா. நிமுந்து பாத்தா. "சீக்கிரம் வந்துரு அக்கா"ன்னா. அவ்வளவுதான். கொஞ்சம் யோசிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அனுப்பிட்டா. அவளுக்கு அக்கா நானு. அம்மாவும் நானுதான்.

கீழ எறங்குனதும் ஒரு ஆட்டோ வந்துச்சு. "ஜூ"ன்னேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே இந்தி அதுதான். சிரிக்காதீங்க.

சம்மு, "பெரிம்மா, நம்ம எங்க போறோம்?"ன்னா. "புலி பாக்க"ன்னேன். அம்மாகிட்டச் சொல்லிட்டியான்னா. சொல்லிட்டேன்னேன். அப்படியே எம்மேல சாஞ்சுக்கிட்டா. அந்தக் காலங்காத்தால டில்லி அழகா இருந்துச்சுங்க. பெரிய பெரிய ரோடு, ரெண்டு பக்கமும் மரம். நாலு நாள்ல அப்பத்தான் நான் அந்த ஊரப் பாத்தேன்.

போன ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். சார்ஜு தீந்துருமேன்னு. எவ்வளவு இருந்துச்சா? அறுவது இருந்துச்சு.

உள்ள போயி புலி பாத்தோம். மானு பாத்தோம். நீர்யானை பாத்தோம். ஒரு மரத்தடியில உக்கார வெச்சு, பைக்குள்ள வெச்சிருந்த இட்டிலிய ஊட்டுனேன். ஆமாங்க, முந்தின நாளு சாயந்தரமே ஒரு தமிழ்க்காரங்க ஓட்டல்ல வாங்கி வெச்சிருந்தேன். வழியில பசிக்கும்னு.

"பெரிம்மா, மணி என்ன?"

"ஒம்பதரை இருக்கும், சாப்பிடு."

வாயில இட்டிலியோட எந்திரிச்சுப் போனா. பக்கத்துல ஒரு அம்மா கொழந்தைங்களோட நின்னாங்க. அவங்ககிட்ட இங்கிலீசுல என்னமோ கேட்டா. திரும்பி வந்து, "பத்து அம்பதாம் பெரிம்மா"ன்னா.

"அந்தம்மா கடிகாரம் வேகமா ஓடுது."

"நம்ம போலாம்."

"வழி தெரியல கண்ணு. தொலைஞ்சுட்டோம்."

"ஆட்டோக்காரருகிட்ட ஓட்டல் பேரச் சொல்லலாமே?"

"பேரு மறந்துருச்சே."

"அப்பா எல்லாருக்கும் ஒரு கார்டு குடுத்தாருல்ல? உன் பைக்குள்ள இருக்கும்."

"அத ரூம்லயே வெச்சுட்டேன்."

என் பை மடிமேல இருந்துச்சு. சம்மு பையப் பாத்தா. என் மொகத்தப் பாத்தா. தொறந்து காட்டுன்னு கேக்கலீங்க. அவ கேக்கவே இல்ல.

கார்டு பைக்குள்ளதான் இருந்துச்சு. நான் உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? வழி தப்பிட்டேன்னுதான் எல்லாருகிட்டயும் சொன்னேன். அவங்க அக்கட்டால ஜெர்மனிக்குப் போயாச்சு, நீங்க கோயமுத்தூர்ல எறங்கிப் போயிருவீங்க, உங்ககிட்ட எதுக்கு? வழி தப்பலீங்க. அந்தப் பிளேன் போயிரோணும்னு இருந்துச்சு. போனா அடுத்த பிளேன் வரும்னு தெரியாதா எனக்கு? தெரியும். ஒரு நாளு. இன்னும் ஒரே ஒரு நாளு கெடைக்கும்னு. அதுக்கு மேல ஒண்ணும் யோசிக்கலீங்க, எங்கம்மா சத்தியமா.

சம்மு வாயத் தொடச்சுக்கிட்டா. "தொலைஞ்சு போனா யூனிபார்ம் போட்டவங்ககிட்டப் போகணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. வா பெரிம்மா"ன்னு என் கையப் புடிச்சு எழுப்புனா. நான் அந்தக் கையப் புடிச்சுக்கிட்டு ரோட்டத் தாண்ட வெச்சிருக்கேன், திருவிழாக் கூட்டத்துல கூட்டிட்டுப் போயிருக்கேன். அன்னிக்கு அது என்னையக் கூட்டிட்டுப் போச்சு. கேட்டுப் பக்கத்துல காவல்காரரு ஒருத்தரு. அவருகிட்டப் போயி இங்கிலீசுல சொல்றா. அப்பறம் ஒரு நம்பரச் சொன்னா.

எங்கூட்டுக்காரரு நம்பரு அவளுக்கு மூணு வயசுல இருந்து மனப்பாடம். நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவ சொன்னது அதில்ல. அவங்கப்பா நம்பரு. எப்பப் படிச்சா? அந்தச் சின்ன ரயில்லயா? தோள்மேல உக்காந்துட்டுப் போனப்பவா? ஒரு எண்ணு கூடத் தடுமாறாமச் சொன்னா.

நல்ல மனுசருங்க அந்தக் காவல்காரரு. எனக்குத் தண்ணி குடுத்து உக்கார வெச்சாரு. நான் அழுகறதப் பாத்து, தொலைஞ்சு போன பயத்துல அழுகறேன்னு நெனச்சுக்கிட்டாரு.

முக்கால் மணி நேரத்துல ஒரு காரு வந்து நின்னுச்சு. மேலயும் பின்னாலயும் பெட்டிங்க. சுகன்யா எறங்கி ஓடியாந்து கொழந்தைய அள்ளிக்கிட்டா. தலையத் தடவறா, கையத் தடவறா, காலத் தடவறா. தங்கச்சி மாப்பிள்ளை எம் பக்கத்துல வந்தாரு. அதிர்ந்து பேசாத மனுசன்.

"ஏனுங்க அக்கா, போன எதுக்கு ஆஃப் பண்ணுனீங்க? போலீஸ் ஸ்டேசன் வரைக்கும் போயிட்டு வந்தோம். நாங்க உங்களுக்கு என்ன பண்ணுனோம்?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சம்மு சொல்றா, "அப்பா, பெரிம்மாவத் திட்டாதீங்க. நாந்தான் புலி பாக்கணும்னு அழுதேன். பெரிம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான். அப்பறம் வழி தெரியல."

அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. தெரியாத மாதிரிதான் வளத்தேன்.

சுகன்யா என்னையப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. எங்கையில வளந்தவ, எம் மொகம் அவளுக்குப் புரியாதா? திட்டுவான்னு நெனச்சேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "நேரம் ஆச்சு அக்கா, இந்தக் கார்ல எல்லாருக்கும் எடம் இல்ல, நாங்க இப்படியே போயிக்கறோம்"னா. ரெண்டாவது கார அனுப்பிட்டாங்களாம். ஏர்போர்ட்டும் இல்ல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டறதும் இல்ல. மிருகக்காட்சி சாலை வாசல்ல, ஐஸ்கிரீம் வண்டி பக்கத்துல.

எங்கூட்டுக்காரரு முன்சீட்டுல வந்திருந்தாரு. எறங்கி, குனிஞ்சு, சம்மு செருப்பு வாரு அவுந்து கெடந்துச்சு, அதப் போட்டு விட்டாரு. ரெண்டு காலுக்கும். அப்பறம் அவ கன்னத்துல ஒரு விரல வெச்சாரு. டிரைவரு ஹாரன் அடிச்சான்.

சம்மு கார்ல ஏறிட்டு, கண்ணாடிய எறக்கி என்னையக் கூப்புட்டா. காதுகிட்ட வரச் சொன்னா. "இனிமே தனியா எங்கயும் போகாத பெரிம்மா. தொலைஞ்சு போனா நம்பர் சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேன்"னா.

பிளேனப் புடிச்சுட்டாங்க. நேத்துப் போய்ச் சேந்து போன் பண்ணுனாங்க. சம்மு தூங்கறான்னாங்க. சாப்பிட்டாளான்னு கேட்டேன். சாப்பிட்டா அக்கான்னா. யாரு ஊட்டுனதுன்னு கேட்டேன். "அவளே எடுத்துச் சாப்பிட்டா"ன்னா.

அன்னில இருந்து எங்கூட்டுக்காரரு எங்கிட்டப் பேசலீங்க. நானும் சும்மாத்தான் இருந்தேன், தங்கச்சி குடும்பத்து முன்னால தலை குனிய வெச்சுட்டேன்னு கோவம் போல, ஊருக்குப் போனா சரியாயிரும்னு. இப்ப உங்ககிட்டச் சொல்லச் சொல்லத்தான்...

மூணு வயசுல இருந்து வண்டியில முன்னால நிக்க வெச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனவரு அவருதானுங்க. மூச்சு இழுக்கறப்ப நான் மடியில வெச்சிருந்தேன்னு சொன்னேனில்ல, ஆவி புடிக்க வெந்நி வெச்சது யாரு? அந்தப் பார்க்குக்கு ஒரு நடை போகணும்னு மட்டுந்தான் கேட்டிருந்தாரு. குளிச்சுட்டுத் தலையத் தொடச்சுக்கிட்டு வந்து பாத்திருப்பாரு. ரூமு காலியா இருந்திருக்கும். சுகன்யாவுக்கு இன்னும் எத்தனையோ காலை இருக்கு. அவளுக்கு நான் ஒண்ணும் கெடுக்கல. நான் திருடுனது எல்லாம்...

இருங்க. மேல இருந்து எறங்கறாரு. கொஞ்சம் காலத் தள்ளிக்கறீங்களா? உக்காருங்க, இப்படி உக்காருங்க. டீ வாங்கட்டுங்களா?

என்னங்க?

புலியா?

பாத்தாளுங்க. நல்லாப் பாத்தா. ரொம்ப நேரம் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா. அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. அதப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுங்களா? கரண்ட்டு போனதும் எல்லாரும் போன் பண்ணுவாங்களே, அப்ப பெரிப்பா வாசல்ல நடப்பாருல்ல, அப்படியே நடக்குது பாரு பெரிம்மான்னு சொன்னாளுங்க. கையப் பின்னால கட்டிக்கிட்டு நடந்தும் காட்டுனா. உங்களாட்டவே இருந்துச்சுங்க. சத்தியமா, உங்களாட்டவே இருந்துச்சு.